ருக்மிணி சோஷியாலஜி படிக்கிறாள்

பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது, என் மனைவி ருக்மிணி கம்யூனிட்டி காலேஜில் சோஷியாலஜி படிக்கச் சேர்ந்த பிறகுதான். லேஆஃப் வந்தபோதுகூட நான் இப்படி நடுங்கவில்லை.

ஏதாவது ஒரு கூட்டத்தைக் கவனித்து அவள் ஃபீல்டு ஸ்டடி எழுத வேண்டுமாம். “எந்தக் கூட்டம்?” என்று கேட்டேன்.

“சொல்ல மாட்டேன். கவனிக்கறோம்னு தெரிஞ்சா மனுஷா நடிக்க ஆரம்பிச்சுடுவான்னு ப்ரொஃபசர் சொல்லியிருக்கார்.”

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

நான் பயப்படக் காரணம் உண்டு. ஞாயிறுதோறும் ருக்மிணி எங்கள் பெண் தீக்ஷாவை டான்ஸ் கிளாசுக்கு அழைத்துப் போகும் நேரத்தில், நான் சுகர் லேண்டிலிருந்து அரைமணி நேரம் கார் ஓட்டி பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய் கேன்டீனில் காய் நறுக்குவதாக ஐதீகம். உண்மையில் நான் போவது இரண்டு தெரு தள்ளி, சிநேகிதன் கிட்டுசாமி வீட்டு கராஜுக்கு. அங்கே ரம்மி. வீட்டுக்குக் கொண்டுவரும் பிரசாதம், அவன் ஃப்ரீசரில் இருக்கும் புளியோதரை.

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நைசாகக் கறந்துவிடத் தீர்மானித்தேன். திங்கட்கிழமை அவளுக்குக் கலைச்சொல் பரீட்சை. சனிக்கிழமை காலை நானே காபி போட்டுக்கொண்டு போய், அவளுடைய வார்த்தை அட்டைகளைக் கையில் எடுத்தேன்.

“நான் கேக்கறேன், நீ அர்த்தம் சொல்லு. எக்ஸாம்பிளோட.”

“என்ன திடீர் கரிசனம்?”

“புருஷன்னா பின்ன எதுக்கு? சொல்லு. பார்ட்டிசிபன்ட் அப்சர்வேஷன்.”

“கூட்டத்துக்குள்ள போய், அவாளோட சேர்ந்து வேலை செஞ்சுண்டே கவனிக்கறது. கோயில் கேன்டீன்ல நானும் காய் நறுக்கிண்டே யார் யார் வரான்னு பார்க்கலாம்.”

காபி என் சட்டையில் கொட்டியது. அடுத்த அட்டைக்குத் தாவினேன். “கீ இன்ஃபார்மன்ட்.”

“உள்விஷயம் தெரிஞ்ச ஆள். ரெண்டு கேள்வி கேட்டா கொட்டிடணும். நம்ம கிட்டுசாமி மாதிரி.”

கிட்டுசாமி! பின் விளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்த போலீஸிடம், தானாகவே ‘ஸ்பீடாத்தான் வந்தேன் ஆபீசர்’ என்று ஒப்புக்கொண்டவன். அவசரமாக அடுத்த அட்டையை உருவினேன்.

“ட்... ட்ரையாங்குலேஷன்.”

“ஒருத்தர் சொல்றதை அப்படியே நம்பாம, மூணு பக்கத்துலேர்ந்து சரிபார்க்கறது. ஒருத்தர் கோயிலுக்குப் போனேன்னு சொன்னா, கோயில்ல விசாரிக்கணும், சிநேகிதனை விசாரிக்கணும், கார் எத்தனை மைல் ஓடியிருக்குன்னும் பார்க்கணும்.”

மைல்! ஓடோமீட்டருக்கும் வாய் உண்டு என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. நல்லவேளை, அடுத்த அட்டை கைகொடுத்தது.

“இன்ஃபார்ம்டு கன்சென்ட்.”

“யாரைப் பத்தி எழுதறோமோ அவா சம்மதம் வேணும். பிடிக்கலேன்னா எப்ப வேணா விலகிக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.”

“விலகிட்டேன்!” எழுந்தே நின்றுவிட்டேன். “என்னைப் பத்தின டேட்டா ஒண்ணும் உன் ரிப்போர்ட்ல வரப்படாது. இது என் உரிமை!”

“தாராளமா.” பேனாவைத் திறந்தாள். “எந்த டேட்டான்னு சொன்னாத்தானே எடுக்க முடியும்?”

நியாயமாகத்தான் பட்டது. பயந்தவனுக்கு எதுதான் நியாயமாகப் படாது? ஒன்று விடாமல் சொன்னேன். கராஜ், ரம்மி, புளியோதரை, நின்றுகொண்டே காய் நறுக்கி முழங்கால் வலி என்று சொல்லி அவளிடம் தைலம் தேய்த்துக்கொண்டது வரை. சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

“எல்லாத்தையும் எடுத்துட்டியா?”

“ஏன்னா, ஞாயித்துக்கிழமை நீங்க கோயிலுக்கே போறதில்லையா?”

“உ... உனக்குத் தெரியாதா? மைலெல்லாம் சொன்னியே!”

“எக்ஸாம்பிள் கேட்டது நீங்கதானே?”

“அப்போ உன் ஃபீல்டு ஸ்டடி?”

“தீக்ஷா ஸ்கூல் வாசல்ல, கார் வரிசையில குறுக்க புகுந்து முந்தற அம்மாக்களைப் பத்தித்தான் இருந்தது” என்றாள் ருக்மிணி, பேனாவை மூடாமலே. “இப்பத்தான் டாபிக் மாத்தினேன்.”