ஒரே ஒரு தடவை திறந்து பார்ப்பவர்

மூடி வைத்த எதையும் மூடியபடி விட்டுவைக்க முடியாத ஓர் இனம் உலகத்தில் உண்டு. அடுப்பிலிருக்கும் பாத்திரத்தின் மூடியைத் தூக்குவார்கள். தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்கி, தூங்குகிறதா என்று கேட்டே எழுப்பிவிடுவார்கள். ஒட்டிய உறையைப் பிரித்து, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி ஒட்டுவார்கள். கேட்டால், "சும்மா ஒரு தடவை பாத்தேன்" என்பார்கள். எல்லாம் அக்கறைதான். யார் இல்லையென்றார்கள்?

இந்த இனத்தின் தலைமகன் ஒருவர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கதவார். அவர் வேலை என்ன தெரியுமா? மனிதத் தோலின் செல்களைத் தட்டில் வளர்ப்பது. நாம் தடவிக்கொள்ளும் களிம்பிலுள்ள மருந்தைத் தோல் எப்படி உடைக்கிறது, உடைத்து என்னவாக மாற்றுகிறது என்பதையெல்லாம் அந்தச் செல்களிடம்தான் கேட்டறிய வேண்டும். அவையோ மகா தொட்டாற்சுருங்கிகள். உடம்புச் சூடும் ஈரக்காற்றும் மாறாத பெட்டிக்குள் தனியே விட வேண்டும். திறந்தால் சூடும் போச்சு, காற்றும் போச்சு.

கதவாருக்கு அது தெரியாதா? புதிதாக வருபவர்களுக்கு அவர்தான் பாடமே எடுப்பார். ஆனாலும் காலையில் வந்ததும் திறப்பார், தேநீருக்கு முன் திறப்பார், இத்தனை முறை திறந்ததில் ஏதும் ஆகிவிட்டதோ என்ற கவலையில் இன்னொரு முறை திறப்பார். முதல் தட்டு வாடியது. அடுத்தது செத்தது. கூடத்தின் தலைவியான மேடம் கூப்பிட்டார். இந்தச் சோதனைக்கென்று ஒருவரின் தோலிலிருந்து எடுத்து உறையவைத்த செல்களில் இனி மிச்சம் ஒரே குப்பிதான். அதுவும் போனால் மருந்துச் சோதனை வேறு கூடத்துக்குப் போய்விடும், இத்தனை வருட உழைப்பும் அதோடு சரி என்றார். மனிதருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து மேசைக்காரிக்கு மனசு கேட்கவில்லை. கடைசிக் குப்பியின் செல்கள் தட்டில் ஏறி உள்ளே போனதும் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க வீட்டுக்குப் போங்க. அதுங்க பாட்டுக்கு வளரட்டும்."

போவாரா? காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல, பூட்டிய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். துரத்தியபின் வீட்டுக்குப் போய், கண்ணில் பட்ட மூடியையெல்லாம் திறந்தார். மனைவிதான் பாவம்.

பூட்டைத் திறந்த அன்று தட்டில் ஊசி குத்த இடமில்லை, அத்தனை செல்கள். மருந்தை விட்டு மறுபடி பூட்டினார்கள். அடுத்துத் திறந்தபோது செல்கள் அதைப் பதமாக உடைத்து வைத்திருந்தன. சோதனை இங்கேயே தொடரும் என்று மேடம் சொன்னதும் கதவாருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்:

"நான் மட்டும் பக்கத்துலயே நிக்கலேன்னா அவ்வளவுதான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசிக் குப்பி என்றதுமே, பிழைத்ததா இல்லையா என்று பார்க்க, நடுவிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு இங்கே தாவி வந்தவர் நீங்கள்தானே? செல்கள் சௌக்கியம். திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து படியுங்கள்.