கை நனைக்காத புரோக்கர்

திண்டிவனத்தில் 'புரோக்கர்' காலடி படாத வீட்டில் கிழட்டுக் கம்ப்யூட்டர் இருக்க முடியாது. இருந்தால் அது செத்துப்போன கம்ப்யூட்டராக இருக்கும். மனுஷன் கல்யாணத் தரகரும் இல்லை, நிலம் வீடு விற்பவரும் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

பழைய கம்ப்யூட்டரில் படம் பார்க்க ஒரு பிளேயர் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டால் போதும், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் அந்தப் பட்டம்.

"பொண்ணுக்கு வயசாயிடுச்சி சார், மூச்சு வாங்குது. பகட்டா ஒருத்தனக் கட்டி வெச்சா தாங்குமா? சீர் கேக்கக் கூடாது, கொஞ்சமா சாப்டணும், ஒழுங்கா வேல செய்யணும். அவ்ளோதான்."

பொண்ணு என்றால் கம்ப்யூட்டர், மாப்பிள்ளை என்றால் பிளேயர். சீர் கேட்காதது என்றால் இலவசம். சாப்பாடு என்றால் மெமரி. சில இலவச பிளேயர்கள் நம்மைக் கேட்காமலே வேறு நாலு சாஃப்ட்வேரையும் கூட்டிவந்து உட்கார வைக்கும். அதைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "பாத்தியா, மாமன் மச்சானெல்லாம் இட்டுக்கினு வந்து குந்திட்டான்! ஓடுறா ஜல்தி!" என்று கத்தியபடி அழிப்பார்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. சம்பந்தம் முடியாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. எங்கள் ஆபீஸ் மேனேஜர் வீட்டில் அந்தம்மா வடை சுட்டுக்கொண்டு வந்தபோது, ஆசை வந்துவிடும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தார்.

விழுப்புரத்தில் என்னோடு வேலை பார்க்கும் ராஜகுமாரி ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள். பக்கத்தில் கெடார் கிராமத்தில் வீடு. அவள் அப்பா இறந்து வருஷங்கள் ஆகின்றன. அவர் பேசியது பதிவானது அவளுடைய கல்யாண சிடியில் மட்டும்தான். புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலோ படம் இரண்டு எட்டு வைத்ததும் நின்றுவிடுகிறது.

"மூஞ்சி போட்டோல இருக்குது சார். கொரலுதான் மறந்துக்கினே வருது. நெனச்சிப் பாத்தாலும் வர மாட்டேங்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமையே புரோக்கரைக் கெடாருக்குக் கூட்டிப்போனேன்.

கோழிக் குழம்பு வாசலிலேயே வரவேற்றது. "ஒரு வாய் சாப்ட்டுட்டு வேலய பாருங்கண்ணா" என்றாள் ராஜகுமாரி. "பேச்சு முடியட்டும்மா" என்றார். நான் இலைப் பக்கம் நகர்ந்தேன். "நீயும் நம்ம பக்கத்து ஆளு சார், குந்து!" என்று என்னையும் பட்டினி போட்டார் பாவி!

முதல் மாப்பிள்ளை சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினான், விரட்டினார். இரண்டாமவனின் மினுக்கைப் பார்த்ததுமே கம்ப்யூட்டர் மயங்கி விழுந்தது. மூன்றாமவன் படத்தை ஓட்டினான், சத்தம்தான் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. தாலி கட்டி முடிந்து, எல்லோரும் அட்சதை போட்டுவிட்டு இறங்கிய பிறகு கெட்டிமேளம் கேட்டது. "இவன் பெரிய பேஜாரு" என்று அவனையும் அனுப்பினார்.

ராஜகுமாரியின் முகம் விழுந்துவிட்டது. "பரவால்லண்ணா, வுடுங்க. நீங்க வந்ததே போதும்" என்றாள். புரோக்கர் காதில் வாங்கவில்லை. வயிறு கடமுடவென்று கத்த, சிடியில் இருந்ததைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட்டு நாலாவது ஒன்றைப் போட்டார். சின்னஞ்சிறிய பிளேயர், அலங்காரம் எதுவும் கிடையாது. "பாக்க சுமாராத்தான் இருக்கான். கொணம் எப்டின்னு பாப்போம்."

ஓடியது. வீடியோக்காரர் கெட்டிமேளம் போக மீதிக் கல்யாணம் முழுக்க சினிமாப் பாட்டை ஒட்டி வைத்திருந்தார். பந்தி நடந்த இடத்தில் மட்டும், புண்ணியவான், மறந்து விட்டுவிட்டார். தோளில் துண்டோடு ஒருவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் சாப்டாம போவக் கூடாது, சொல்லிட்டேன்! குந்துங்க, குந்துங்க!"

படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"எப்பா" என்றாள் ராஜகுமாரி. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இதான் சார்... எங்கப்பா கொரலு இதான்."

புரோக்கர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"பெரியவரே சொல்லிட்டாரு. எலைய போடும்மா."

இப்போது என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் மூச்சு வாங்குகிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை. வாங்கலாம்தான். வாங்கிவிட்டால் புரோக்கர் எதற்கு என் வீட்டுக்கு வரப்போகிறார்?