படியேறி வந்த வெள்ளம்

கிடங்கு காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார் ராமசுப்பு.

தரையில் ஈரமில்லை. கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை. மெட்ராஸையே புரட்டிப் போட்ட புயல், ராயபுரம் கடலோரத்தில் இருந்த இந்தக் கருப்பட்டிக் கிடங்கை மட்டும் கும்பிட்டுவிட்டு விலகிப் போயிருந்தது.

"அதிர்ஷ்டக்காரன் அண்ணாச்சி நீ!" என்றான் இக்னேஷியஸ். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வர்லியே!"

"வாயை மூடுல. சரக்கு எங்க இருக்கு?"

"மூலக்கொத்தளத்துல."

"அங்க எவ்வளவு தண்ணி?"

"இடுப்பு வரிக்கும் கீது."

"அப்ப எவன்ல அதிர்ஷ்டக்காரன்?"

இக்னேஷியஸ் காய்ந்த தரையைப் பெருக்கத் துடைப்பத்தைத் தேடிப் போனான்.

எல்லாம் பாஸ்கல் செய்த உபதேசம். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் பாஸ்கல், மாதா கோயில் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கி, மணிக்கணக்காகப் பாடம் நடத்துவார். "ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே தயாரா இருக்கணும் அண்ணாச்சி. வந்தப்புறம் ஓடறவன் இன்னா வியாபாரி?"

ராமசுப்பு நல்ல மாணவர். பாஸ்கல் சொன்னார் என்று தரையைச் சரிவாகப் பூசி வடிகால் வெட்டினார். சரக்கு தரையில் படாமல் பலகை அடித்துப் போட்டார். சிவப்பு பெயின்ட் அடித்த மணல் வாளிகளை வரிசையாக மாட்டினார். புயல் வந்தால் சரக்கை எங்கே கொண்டுபோவது என்றுகூட முன்கூட்டியே முடிவு செய்து, மூலக்கொத்தளத்தில் இருந்த மச்சான் மாசானத்தின் கிடங்குச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பாலிசி எடுத்த அன்று பாஸ்கல் கை வலிக்கிற அளவுக்குக் கையெழுத்து வாங்கினார்.

"இதெல்லாம் வெறுந்தாளால்லா இருக்கு?"

"இருக்கட்டும், அவசரத்துக்கு ஒதவும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பாலிசி இந்தக் கதவு நம்பருக்குத்தான். சரக்கு வாசலைத் தாண்டிச்சுன்னா கம்பெனிக்குச் சம்பந்தமில்ல. தாண்டறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய அன்று, ராமசுப்பு படித்த பாடத்தில் ஒரு வரி பிசகாமல் நடந்தார். சிப்பம் சிப்பமாக ஓலையில் கட்டிய கருப்பட்டி அத்தனையும் கைவண்டிகளில் ஏறி மூலக்கொத்தளம் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் மறந்துவிட்டார்.

மூலக்கொத்தளத்தில் கால்வாய் உடைத்துக்கொண்டது. கருப்பட்டி பாதி பாகாகிவிட்டது.

நஷ்ட ஈடு வராவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் உடன்குடிக்குத் திரும்பி மாமனார் கடையில் தராசு பிடிக்க வேண்டும். 'ஸ்டூல் காலியாத்தான் இருக்கு மாப்பிள்ளை' என்று மாமனார் இதற்குள் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பியும்விட்டார்.

கம்பெனிக்குப் போய், "புயல்ல சரக்கு நாசம்" என்று மட்டும் ராமசுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தார். எந்த இடத்தில் என்று அவர்கள் கேட்கவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை. இன்று மத்தியானம் சர்வேயர் வருகிறார்.

"இக்னேஷியஸ்! வண்டியைக் கட்டுல. சரக்கைத் திருப்பிக் கொண்டாருவோம்."

"பாகை எப்டி அண்ணாச்சி மூட்டை கட்றது?"

"ஓலையோட அள்ளி வைல!"

அள்ளி வைத்தார்கள். வண்டிகள் நகர்ந்தன. மூலக்கொத்தளத்திலிருந்து ராயபுரம் வரைக்கும் ரோட்டில் கருப்பட்டிப் பாகு கோடு போட்டுக்கொண்டே வந்தது. கோட்டின் மேல் ஈ, ஈக்குப் பின்னால் நாய், நாய்க்குப் பின்னால் கையில் கிண்ணத்தோடு நாலைந்து பெண்கள்.

கிடங்கு வாசலில் மீன் கூடை வைத்திருந்த சிலுவையம்மாள் எழுந்து நின்று பார்த்தாள். "இன்னா அண்ணாச்சி, சாமி ஊர்வலமா? ரோட்டுக்கெல்லாம் பாகு ஊத்திகினு வர்றே!"

"உன் சோலியைப் பாரு தாயி."

"பாஸ்கலு வந்துட்டுப் போனாரு. உன்னாண்ட இன்னாவோ சொல்லணுமாம்."

"அவன் பேச்சை எடுக்காதே! அவன் சொல்லைக் கேட்டுத்தான் இந்தக் கதியில நிக்கேன். மறுபடி வந்தா நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிரு."

சரக்கு வந்துவிட்டது. இனி வெள்ளம் வரவேண்டும்.

தெருக்குழாயில் வழக்கம்போல் காற்றுதான் வந்தது. ராமசுப்பு கடலைப் பார்த்தார். அப்புறம் சிலுவையம்மாளைப் பார்த்தார்.

"தாயி, உன் ஆளுங்களை விட்டுக் கொஞ்சம் தண்ணி எடுத்து ஊத்தணுமே."

"எங்க?"

"கிடங்குக்குள்ள."

சிலுவையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ராத்திரி தூங்குனியா நைனா?"

"கேள்வி கேக்காதே. கூலி தாரேன்."

"கூலி வாணாம். ஆளுக்கு ஒரு குண்டான் பாகு குடு."

காசிமேட்டுப் பெண்கள் மீன் அண்டாக்களோடு வந்தார்கள். கடல் தண்ணீர் கிடங்குக்குள் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் மறுபக்கம் வெளியேறிப் போயிற்று.

"அண்ணாச்சி, தண்ணி நிக்க மாட்டேன்னுது," என்றான் இக்னேஷியஸ். "நீ கட்ன வடிகால் ஷோக்கா வேலை செய்யுது!"

"சாக்கை வச்சு அடைல!"

அடைத்தார்கள். தண்ணீர் நின்றது. ஆனால் சரக்கு பலகை மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பலகைகளை உருவினார்கள். உருவியதில், மூலக்கொத்தளத்தில் தப்பிப் பிழைத்திருந்த நல்ல சிப்பங்களும் சரிந்து தண்ணீரில் விழுந்தன. ராமசுப்பு கண்ணை மூடிக்கொண்டார்.

"சுவத்துல வெள்ளம் வந்த அடையாளம் வேணும். சேத்தைக் குழைச்சு ஒரு கோடு இழு."

"எவ்ளோ ஒயரம்?"

"நெஞ்சளவு."

இக்னேஷியஸ் தன் நெஞ்சளவுக்கு இழுத்தான். ராமசுப்புவுக்கு அது மூக்களவு. கோட்டுக்குக் கீழே முருகன் காலண்டர் மொடமொடவென்று காய்ந்து தொங்கியது.

"முருகனை இன்னா பண்றது அண்ணாச்சி?"

ராமசுப்பு செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்பனே, இதுவும் உன் திருவிளையாட்டுத்தான்." காலண்டரைக் கழற்றி ஒரு முக்கு முக்கி எடுத்து மறுபடி மாட்டினார்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. "அண்ணாச்சி! அண்ணாச்சி!" பாஸ்கலின் குரல்.

ராமசுப்பு சடாரென்று சிப்பங்களுக்குப் பின்னால் குந்தினார். வேட்டி தண்ணீரில் மிதந்தது. சிலுவையம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணாச்சி ஊர்ல இல்ல பாஸ்கலு. உடன்குடிக்குப் பூட்டாரு."

"அய்யய்யோ! சர்வேயர் வர்ற நாளா பார்த்தா போவாரு? சரி, நான் எதிர்ல போயி அவரைப் புடிக்கிறேன்." சைக்கிள் பறந்தது.

சைக்கிள் ஒரு தெரு வழியாகப் போக, ரிக்‌ஷா இன்னொரு தெரு வழியாக வந்தது. சர்வேயர் வேதமாணிக்கம் இறங்கினார். வெள்ளைப் பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ, கக்கத்தில் தோல் பை.

"நீங்கதானே ராமசுப்பு? சாவி எடுத்துக்கிட்டீங்களா, கிளம்பலாமா?"

"சாவி எதுக்கு சார்? கதவு திறந்தே கிடக்கு. வாங்க, வந்து இந்த அநியாயத்தைப் பாருங்க!"

"இல்லை, நான் வந்தது..."

"வாங்க சார்!" ராமசுப்பு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஷூ தண்ணீருக்குள் இறங்கியது.

வேதமாணிக்கம் நின்று சுற்றிலும் பார்த்தார். சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு."

"கடல் சார்! கடலே பொங்கி உள்ள வந்துட்டுது!"

"வாசல்ல மூணு படி ஏறித்தானே வந்தேன்?"

"அதுவும் படியேறித்தான் வந்துச்சு சார்."

எதிர்க் கடையில் டீ மாஸ்டர் ராசையா காய்ந்த தரையில் நின்று பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்.

"எதிர்க் கடைக்குப் போகலையா கடல்?"

"அவன் கிடா வெட்டிக் கும்பிடுதவன் சார். முனீஸ்வரன் காவல்."

வேதமாணிக்கம் காலண்டர் பக்கம் போனார். "வெள்ளம் வந்தது முந்தாநாள். தேதி இன்னிக்கு வரைக்கும் கிழிச்சிருக்கு. தண்ணிக்குள்ள முங்கி முங்கிக் கிழிச்சீங்களோ?"

"வியாபாரத்துல ஒழுங்கு முக்கியம் சார்."

அப்போது சர்வேயர், "ஆ!" என்று ஒற்றைக் காலில் துள்ளினார். பேன்ட் நுனியைக் கவ்விக்கொண்டு ஒரு நண்டு தொங்கியது.

"அய்ய, என் நண்டு!" என்று ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போனாள் சிலுவையம்மாள். "அண்டாவுல ஒண்ணு கொறையுதேன்னு பார்த்தேன்."

வேதமாணிக்கம் பையிலிருந்து தாளை எடுத்தார். கோபப்படவில்லை. அதுதான் ராமசுப்புவுக்குப் பயமாக இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. புயல் அடிச்சப்போ உங்க சரக்கு எங்கே இருந்தது?"

"இதே இடத்துல சார்."

"வேற எங்கேயும் கொண்டு போகலையே? மூலக்கொத்தளம் பக்கம்?"

ராமசுப்பு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆள் மோப்பம் பிடித்துவிட்டார்! மாமனார் கடை ஸ்டூல் கண்முன் வந்து நின்றது.

"மூலக்கொத்தளமா? அங்க சுடுகாடுல்லா இருக்கு! எழவுக்குக்கூட அந்தப் பக்கம் நான் தலை வச்சுப் படுத்ததில்ல சார்."

"ரோட்டுல பாகு சொட்டியிருந்ததே?"

"அது எவன் வூட்டுக் கல்யாணமோ!" என்று இக்னேஷியஸ் கை கொடுத்தான்.

"ஒரு சிப்பம்கூட அங்கே இருந்ததில்லைங்கறீங்க."

"ஒரு ஓலைகூட இல்ல. முருகன் சத்தியமா." முருகனிடமிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வேணும்னா எழுதிக்கிடுங்க, கையெழுத்துப் போடுதேன்."

"அவசியம் போடணும்," என்று வேதமாணிக்கம் எழுதி நீட்டினார். ராமசுப்பு தன் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்துக் கொட்டை எழுத்தில் போட்டார். மை காய ஊதியும் கொடுத்தார். சர்வேயர் தாளை மடித்துப் பையில் வைத்துப் பூட்டினார்.

தப்பித்தோம் என்று ராமசுப்பு மூச்சு விட்ட நேரத்தில், வியர்க்க விறுவிறுக்கச் சைக்கிளைப் போட்டுவிட்டு மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவி உள்ளே வந்தார் பாஸ்கல். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, ஊர்லதான் கீறீங்களா! கவலையை வுடுங்க. புயலுக்கு முந்தின நாள் உங்க வண்டிங்க போறதைப் பார்த்தேன். நீங்க வெறுந்தாள்ல போட்டு வச்ச கையெழுத்தோட ஓடிப்போயி, அன்னிக்கே பாலிசியை மூலக்கொத்தளத்துக் கிடங்குக்கு மாத்திட்டேன். நஷ்ட ஈடு முழுசா வரும். ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி, சார் வந்து பார்க்கற வரிக்கும் சரக்கை மட்டும் அங்கேருந்து அசைச்சுடாதீங்க!"