செந்தமிழ்ச்செல்வியின் நெற்றிக்கோடும் ஊசிக்கு நாள் குறித்ததும்

சங்கராபுரம்,
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

உளுந்தூர்பேட்டையில் டயர்க் கடை வைத்துக்கொண்டு, டயர் வாங்க வந்தவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் நல்லது சொல்லி வரும் மரியாதைக்குரிய மச்சான் இளமாறன் அவர்களுக்கு, உங்கள் தங்கை செந்தமிழ்ச்செல்வியைக் கட்டிய வீரமணி கும்பிட்டு எழுதுவது. இங்கே நாங்களும் மாடு கன்றும் நலம். கரும்பும் நலம். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராததால் அது தேவைக்கு மேலேயே நலமாக நின்றுகொண்டிருக்கிறது. அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மா அம்சவள்ளி அக்காவும் சுகமாக இருக்க அம்மன் துணை.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் கடையில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். போன தடவை என் மூலக் கடுப்பைப் பற்றிச் சொன்னபோது அங்கே நின்ற லாரி டிரைவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், அதில் ஒருவர் வீடு தேடி வந்து கீரை வேறு கொடுத்துவிட்டுப் போனார். இது அதைவிட அந்தரங்கமான விஷயம். உங்கள் தங்கையின் நெற்றி சம்பந்தப்பட்டது.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த எங்கள் மகள் ராதிகாதான் இதைக் கிளப்பிவிட்டாள். பலகாரம் தின்றுகொண்டே அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தவள், "அம்மா, உனுக்கு ரெண்டு புருவத்துக்கும் நடுவுல கோடு வுழுந்துக்கினு இருக்குது. இப்பவே ஊசி ஆரம்பிச்சுட்டா ஆழமாவாது. எங்க ஆபீசுல முப்பது வயசுக்குள்ளயே போட்டுக்குறாங்க" என்றாள். வராத சுருக்கத்துக்கு எதற்கம்மா ஊசி என்று நான் கேட்டேன். "கரும்புக்கு மட்டும் பூச்சி வர்றதுக்கு முன்னாடியே மருந்து அடிக்கிறியேப்பா" என்றாள். அவளை அவ்வளவு படிக்க வைத்திருக்க வேண்டாம். இப்போதே ஆரம்பிக்க வேண்டும் என்று மகள், அறுபது ஆகட்டும் என்று நான், எப்போது என்று யாரும் தன்னைக் கேட்கவில்லையே என்று உங்கள் தங்கை, இப்படியே பொங்கல் வரைக்கும் ஓடி, கடைசியில் தை மாதம் பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம்.

அந்த டாக்டரம்மா தங்கமானவர். வயசுக் கணக்கெல்லாம் ஒன்றுமில்லை, முகத்தைச் சுருக்கும்போது கோடு வருவது எல்லாருக்கும் உண்டு, முகம் சும்மா இருக்கும்போதும் கோடு நின்றால் அப்போது யோசிக்கலாம், வீட்டில் வைத்துக் கவனித்துவிட்டு வாருங்கள் என்றார். கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மச்சான், கூடப் பிறந்தவர் நீங்கள், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்கள் தங்கையின் முகம் சும்மா இருந்து பார்த்திருக்கிறீர்களா? டீ குடிக்கும்போது பார்த்தேன், டீயில் சர்க்கரை ஜாஸ்தி. சீரியல் பார்க்கும்போது பார்த்தேன், அதில் வரும் மாமியார் மேல் கோபம். தை வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் கண்ணை மூடி நின்றபோதும் கோடு இருந்தது, அம்மனிடம் என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். மத்தியானம் தூங்கும்போது பார்த்துவிடலாம் என்று குனிந்தேன். கண்ணைத் திறந்து, "இன்னாங்க, மூச்சு இருக்குதான்னு பாக்குறீங்களா?" என்றாள். அன்றோடு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டேன்.

ஊசி வேண்டாம் என்று நான் சொன்னதற்குச் செலவு காரணமில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் எது கேட்டாலும் உங்கள் தங்கை சொல்வது ஒரே பதில்தான், "உங்க இஷ்டம்." கோடு இல்லாமல் சொன்னால் செய்யலாம். கோட்டோடு சொன்னால், செய்துதான் பாரேன் என்று அர்த்தம். கல்யாணமான நாள் முதல் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நான் நிலம் வாங்கினேன், மாடு விற்றேன், சட்டைத் துணி எடுத்தேன். ஊசி போட்டு அதை அழித்துவிட்டால் நான் எதைப் பார்த்துக் குடித்தனம் நடத்துவது? நிஜமாகவே பயந்தேன் மச்சான்.

ஆனால் தெய்வம் கைவிடவில்லை. மாசிப் பௌர்ணமிக்கு உங்கள் தங்கையும் அம்சவள்ளி அக்காவும் சேர்ந்து திருவண்ணாமலை கிரிவலம் போனார்கள் அல்லவா? போய் வந்த ஒரு வாரத்தில் கோட்டைக் காணோம். முகம் அப்படியே துடைத்துவிட்டது போல இருக்கிறது. சரி, மனசில் அமைதி வந்துவிட்டது, இந்த நல்ல நேரத்தை விடக்கூடாது என்று, பல வருஷமாகக் கேட்கப் பயந்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் என் பங்காளிக்கு நம் போரிலிருந்து தண்ணீர் விடட்டுமா என்றேன். "உங்க இஷ்டம்" என்றாள், கோடு இல்லை. விட்டேன். என் தங்கை குடும்பத்தை முழுப் பரீட்சை லீவு மொத்தத்துக்கும் இங்கேயே வந்து இருக்கச் சொல்லட்டுமா என்றேன். "உங்க இஷ்டம்", கோடு இல்லை. சொல்லிவிட்டேன், தங்கையின் மாமியாரையும் கூட்டி வருகிறார்களாம். சிநேகிதர்களோடு வெள்ளிமலைக்குப் போய் மலையில் டவர் கிடைக்காமல் இரண்டு நாள் போனே பண்ணாமல் திரும்பினேன். வாசலில் நின்று, "வந்துட்டீங்களா, சாப்புடுங்க" என்றாள். நெற்றி பளிங்கு மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கரும்பு வெட்டு மேஸ்திரி சடையன் மட்டும், "அம்மா மொகத்துல இப்பல்லாம் கோவமே வர்றதில்லீங்க. எனுக்கு இன்னாமோ பயமா இருக்குதுங்க" என்றான். அவனுக்குத் திட்டு வாங்கியே பழக்கம்.

ஆகவே மச்சான், கோடே இல்லாத நெற்றிக்கு ஊசி தேவையில்லை என்பது என் முடிவு. அறுபது வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் என்ற முறையில் நீங்கள் ராதிகாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி, இனி இந்தப் பேச்சை எடுக்காமல் செய்ய வேண்டும். புருஷன் நல்லபடியாக நடந்துகொண்டால் சுருக்கம் தானாகப் போய்விடும் என்பதற்கு நானே சாட்சி. நீங்களும் அப்படி நடந்து பாருங்கள். அக்காவுக்கு என் வணக்கம், கடைப் பையன்களுக்கு என் அன்பு. உங்கள் வியாபாரம் பெருகி, நாலு வழிச்சாலையில் ஓடுகிற வண்டியெல்லாம் உங்கள் டயரில் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மாப்பிள்ளை,
வீரமணி.

பி.கு.: கடிதத்தைத் தபால் பெட்டியில் போடப் போகும் வழியில் ராதிகா போன் பண்ணினாள். "அப்பா, அம்மாவுக்கு ஊசி நல்லா செட் ஆயிடுச்சா? உன்கிட்ட சொல்லவே இல்லியா?" என்றாள். அவர்கள் திருவண்ணாமலைக்குப் போகவே இல்லை மச்சான், பஸ் ஏறியது பாண்டிச்சேரிக்கு. கோபப்பட்டாலும் நெற்றியில் தெரியாதாம், மூன்று நான்கு மாதத்துக்கு அப்படித்தான் இருக்குமாம். அப்படியென்றால் பங்காளிக்கு விட்ட தண்ணீர், தங்கை குடும்பம், வெள்ளிமலை எல்லாவற்றுக்கும் அவள் கோபமாகத்தான் இருந்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. மேலே எழுதியது எதையும் ராதிகாவிடம் சொல்லிவிட வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கலாம் என்று பார்த்தேன், அதற்கும் வழியில்லை. அக்காவும் அன்றைக்கே அதே ஊசியைப் போட்டுக்கொண்டார்களாம். இந்த ஒரு மாதத்தில் நீங்கள் என்னென்ன செய்தீர்களோ எனக்குத் தெரியாது. இனிமேல் முகத்தைப் பார்க்காதீர்கள், அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தத்தைக் கேளுங்கள். நானும் கடிதத்தைப் போடாமல் திரும்பி வந்து, கொல்லைப்புறத்தில் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே சமையல் நடக்கிறது. சத்தமே வரவில்லை.