வீட்டுக்குப் போக அனுமதி கேட்ட வரையாடு

ஒரு காட்டில், மலை முகட்டின் உச்சிப் பாறையில், மருதையன் என்ற வரையாடு தன் மனைவியோடும் பத்து நாள் குட்டியோடும் வாழ்ந்துவந்தது. பிள்ளை பெற்றவள் உப்பு மண் கேட்டாள் என்று அது அடிவாரத்துக்கு இறங்கிப்போனது. அது போய்வந்த இரண்டு நாளுக்குள் காட்டு நிர்வாகம் முகட்டை மலையேற்றப் பாதையாக அறிவித்துவிட்டது. திரும்பி வந்தால் வழியில் ஒரு கேட், கேட்டில் ஒரு கருமந்தி.

“சீட்டு எங்க?”

“வீட்டுக்குப் போறேங்க.”

“மேல வீடெல்லாம் கிடையாது. கூடாரம் போட்டு ரெண்டு ராத்திரி தங்கலாம். வழிகாட்டி கட்டாயம்.”

மருதையன் படிவத்தை நிரப்பியது. வருகையின் நோக்கம் ‘குடும்பம்’ என்று எழுதியதை மந்தி அடித்துவிட்டு, ‘இயற்கை ரசிப்பு’ என்று திருத்தியது.

வழிகாட்டியாக வந்தது செல்லையா என்ற காட்டெருமை. அதனிடம் சான்றிதழ் இருந்தது, மலையேறிய பழக்கம்தான் இல்லை. கால்வாசி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியதால் கூடாரப் பையையும் மருதையனே சுமந்தது. மூடுபனி இறங்கியதும் செல்லையா போனில் வரைபடத்தைப் பார்த்தபடி நேராகப் பள்ளத்தை நோக்கி நடந்தது. மருதையன் அதன் வாலைக் கவ்வி இழுத்து நிறுத்தியது. ஒருவழியாக இரண்டும் மேலே போய்ச் சேர்ந்தன.

“யாருங்க இது?” என்றாள் மனைவி.

“என்னைப் பத்திரமா கூட்டிட்டு வந்தவரு.”

மூன்றாம் நாள் காலை செல்லையா கூடாரத்தைச் சுருட்டியது. “கிளம்புங்க. மேல கொண்டுவந்த எதையும் விட்டுட்டு இறங்கக் கூடாது. தண்ணி பாட்டில், நீங்க, எல்லாமே லிஸ்ட்ல இருக்கு.”

குட்டி இப்போதுதான் பாறையில் நிற்கப் பழகுகிறது. “நான் வரல.”

“நீங்க வரலைன்னா நான் எப்படி இறங்குறது?” என்று கேட்டது செல்லையா, நிஜமான கவலையோடு.

கடைசியில் பேசி முடித்தார்கள். மருதையன் செல்லையாவை, கேட் கண்ணில் படும் இடம்வரை இறக்கிவிட்டது. பதிலுக்குச் செல்லையா பதிவேட்டில் ‘வரையாடு பனியில் காணாமல் போனது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் ஒரு நரி அதிகாரி, இருபது காட்டுப்பன்றிகளோடு தேடுதல் வேட்டைக்கு வந்து சேர்ந்தது. படிவத்தில் ஒட்டியிருந்த மருதையனின் படத்தை நரி மருதையனிடமே நீட்டியது. முகத்தின் மேலேயே முத்திரை குத்தியிருந்தார்கள்.

“இவனைத் தெரியுமா?”

மருதையன் உற்றுப் பார்த்தது. “தெரியுங்க. தங்கமான பய.”

“எங்க ஆளுங்களுக்கு இந்தப் பாறையில நிக்கவே வரல. நீ தேடித் தர்றியா? அவன் கிடைக்கிற வரைக்கும் குடும்பத்தோட இங்கயே தங்கிக்கலாம். சீட்டு எழுதித் தர்றேன்.”

மருதையன் அன்றே வேலையில் சேர்ந்தது. தினமும் குட்டியோடு மேய்ந்துகொண்டே தன்னைத் தேடுகிறது. மாதம் தவறாமல் ‘தடயம் கிடைத்திருக்கிறது, தேடல் தொடர்கிறது’ என்று அறிக்கை அனுப்புகிறது. நேர்மையான ஊழியர் என்று மேலிடத்தில் நல்ல பெயர்.

நீதி: சொந்த வீட்டில் குடியிருக்க விரும்புகிறவர் முதலில் காணாமல் போக வேண்டும், பிறகு தன்னைத் தேடும் உத்தியோகத்தில் தானே சேர்ந்துவிட வேண்டும். கடமையுணர்ச்சி மிகுந்து கண்டுபிடித்துத் தொலைத்தால், தெருவில்தான் நிற்க வேண்டும்.