வாய்க்காலுக்கு அந்தாண்ட

“புதுச்சேரி முழுக்க மதுவிலக்கு! அதுல ஒரு எழுத்தக்கூடக் கொறைக்க மாட்டேன்” என்று முழங்கினார் புகழ்வேந்தன்.

பாகூரை அடுத்த அச்சிற்றூரில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டியே சாராயக்கடை அமைந்திருந்தது. தவளக்குப்பத்துத் துணிக்கடையில் பணிபுரியும் அவருடைய மகள் மகாலட்சுமி, மாலைதோறும் குடிகாரர்களின் கேலியைக் கடந்தே வீடு திரும்பினாள். “இனிமே வேலைக்குப் போவலப்பா” என்று அவள் அழுததன் விளைவே இம்முழக்கம்.

“ஊர ஒலகத்த அப்புறம் திருத்தலாம். கடைய வாய்க்காலுக்கு அந்தாண்ட தள்ளச் சொல்லுய்யா, போதும்” என்றாள் மனைவி மணியம்மாள்.

“அந்தாண்ட இருக்கறவன் மனுசன் இல்லியா? கொள்கையில சமரசமே கெடையாது!”

பணி ஓய்வுக்குப் பின்னரே மனைவியின் ஊரில் குடியேறிய அவர், கொள்கையைத் தவிரப் பிறிதொன்றையும் கூர்ந்து நோக்கியவர் அல்லர்.

காரைக்காலிலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்திருந்த கலால் அதிகாரி, புகழ்வேந்தன் அனுப்பிய மனுவை விசாரிக்க வந்தார். “கொஞ்சம் தள்ளி வைக்கலாம் சார்” என்று அவர் கனிவுடன் கூறியதும், புகழ்வேந்தன் கள்ளுக்கடைகளையும் கோரிக்கையில் சேர்த்தார். அதிகாரி தேநீர் வரவழைத்தார்; பிராந்திக் கடைகளும் சேர்ந்தன. மணியம்மாள் கணவரின் சட்டையைப் பற்றி இழுத்தாள்; வெற்றிலையும் சேர்ந்தது.

“இன்னாய்யா, வெத்தலயுமா?” என்று மென்றுகொண்டே அதிர்ந்தாள் அவள்.

“எல்லாம் கெடைக்கிற வரைக்கும் இங்கியே உண்ணாவிரதம்!” எனத் தரையில் அமர்ந்தார் புகழ்வேந்தன்.

அதிகாரிக்கு வியர்த்தது. “அம்மா, நீங்களாவது நடக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.”

“வாய்க்காலுக்கு அந்தாண்ட தள்ளிடுங்க சார்.”

“அவ்வளவுதானா?” மறுபிறவி எடுத்தவர்போல் மகிழ்ந்த அதிகாரி, அங்கேயே ஆணையிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று முதல் புகழ்வேந்தன் மனைவியிடம் பேசுவதை நிறுத்தினார்.

சின்னாட்களில் ஒரு மாலை, மகாலட்சுமி சிரித்தபடியே வீடு வந்தாள். “ரோட்ல ஒரு ஆளு இல்லப்பா! பாட்டு பாடிக்கினே வந்தேன்.”

புகழ்வேந்தனின் கண்கள் கலங்கின. மணியம்மாள் காபியை அவர் கையில் கொடுத்தாள். “நீ அந்தக் கத்து கத்தலன்னா, நான் கேட்டத அந்த ஆபீசரு காதுலயே வாங்கியிருக்க மாட்டாருய்யா. நீ நல்லா இருக்கணும்.”

நன்றியால் அவருடைய நெஞ்சம் நெகிழ்ந்தது, கொள்கை நெகிழவில்லை. “இருந்தாலும், அந்தாண்ட வித்துக்கினுதான இருப்பான்?”

காலிப் பெட்டிகளை மிதிவண்டியில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்த சாராயக்கடை ஊழியர் ஆண்டனி, வாசலில் நின்றார்.

“அந்தாண்ட எங்க சார் விக்கிறது? வாய்க்காலத் தாண்டுனா கடலூர் ஜில்லா, தமிழ்நாடு. அங்க சாராயம் வித்தா ஜெயிலு. அதான் மொதலாளி கடையவே மூடிட்டாரு!”