பொய் சொல்லவிடாத பெஞ்சு

“பெஞ்சுல என்னடா தப்பு?”

“பெஞ்சுல தப்பில்லக்கா. அது இந்தப் பக்கத்துல இருக்கறதுதான் தப்பு.”

புது இதழை அக்காவின் மூக்குக்கு நேரே பிடித்தபடி ஆசிரியர் நின்றார். ஊர் ஊராகப் போய் விநோதங்களையும் வாய்வழிக் கதைகளையும் திரட்டி வந்து அச்சிடும் சின்னப் பத்திரிகை அது. எழுதுவது ஆசிரியரான தம்பி, பக்கம் அமைப்பது அக்கா; அலுவலகம் அக்காவின் அறை. விற்காத கட்டுகள் கட்டில் வரை வந்துவிட்டிருந்தன.

இந்த மாதக் கதை, தொலைவில் ஒரு குன்றின் மேல் கிடக்கும் கல்லைப் பற்றியது. அதில் உட்கார்ந்தவர் வாயில் பொய் வராது என்று அந்தப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மூச்சிரைக்க ஏறி, அவர் அந்தக் கல்லைப் படம் எடுத்து வந்திருந்தார். அச்சாகியிருந்ததோ, கேமராவைச் சரிபார்க்க எடுத்த வேறொரு படம்: தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பூங்காவின் கல் பெஞ்சு. அடியில் கொட்டை எழுத்தில், ‘பொய் சொல்லவிடாத கல்’.

“கண்ணு சரியா தெரியல, மாறிப்போச்சு” என்றார் அக்கா. “என்ன பண்றது, சொன்ன சொல்லுப்படி மூடிட வேண்டியதுதான்.”

ஆசிரியர் இதழின் அட்டையைத் திறந்து பார்த்தார். முதல் இதழிலிருந்து அட்டையின் உட்புறத்தில் அவர் அச்சிட்டு வரும் உறுதிமொழி அது: இதில் ஒரே ஒரு பொய் அச்சானாலும் அன்றோடு பத்திரிகை நிற்கும்.

“யாரும் நம்பறதுக்குள்ள திருத்திட்டா அது வெறும் பிழைக்கா. நம்பினாத்தான் பொய்.”

“நல்லா பேசற சட்டம்.”

அன்றே திருத்தச் சீட்டு அடித்துச் சந்தாதாரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். ‘படத்தில் இருப்பது சாதாரண பெஞ்சு. யாரும் அங்கே போக வேண்டாம்.’

போனார்கள். வெறும் பெஞ்சு என்றால் எதற்கு இவ்வளவு அவசரமாகத் தடுக்க வேண்டும்? முதலில் போனவர் தையல்காரர். உட்கார்ந்த சூட்டோடு, மிச்சத் துணியெல்லாம் தன் பிள்ளைகளின் சட்டையாகிவிட்டதை வாடிக்கையாளரிடமே சொல்லிவிட்டாராம். அடுத்து ஒரு காப்பீட்டு முகவர். “இந்த பாலிசி உங்களுக்கு வேணாம் சார். எனக்குத்தான் வேணும்” என்றாராம்.

ஆசிரியர் ஓடிப்போய்ப் பெஞ்சின் முதுகில் அறிவிப்பு ஒட்டினார்: ‘இதில் உட்கார்ந்தால் உண்மை வரும் என்பது தவறான செய்தி.’ பத்திரிகையே படிக்காதவர்களுக்கும் அதன்பிறகு விஷயம் தெரிந்துவிட்டது. வரிசை பூங்கா வாசலைத் தாண்டியது. மனைவிகள் கணவர்களைக் கையோடு அழைத்து வந்தார்கள். தெருமுனை வந்ததும் கணவர்களின் செருப்பு அறுந்தது.

வேறு வழி தெரியாமல், வரிசையைப் பிளந்துகொண்டு போய் ஆசிரியரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எல்லாரும் கேளுங்க. இந்தப் பெஞ்சுக்கு ஒரு சக்தியும் கிடையாது. படம் மாறிப்போச்சு. சரிபார்க்காம அச்சுக்கு அனுப்பினது நான். தப்பு என்னோடது.”

 வரிசையில் நின்ற மருந்துக்கடைக்காரர் கண் கலங்கக் கை தட்டினார்.

“பாத்தீங்களா? எந்தப் பத்திரிகைக்காரராவது ‘தப்பு என்னோடது’ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? உக்காந்தாரு, வந்துடுச்சு!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அங்கேயே பலர் சந்தா கட்டினார்கள்.

எல்லோரும் நம்பிவிட்டார்கள். அப்படியென்றால் அது பொய்தான். கூட்டம் கலைந்தபின் ஆசிரியர் எழுந்து போய் மரத்தடியில் நின்றுகொண்டார். இலைகளுக்குள் வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. இந்நேரம் அந்தக் குன்றின் மேல் உண்மையான கல், உட்கார ஆளில்லாமல் குளிர்ந்து கிடக்கும் என்று நினைத்துக்கொண்டார். கடைசி இதழுக்கான முதல் வரியை மனதுக்குள் எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்.

அவரைத் தேடிக்கொண்டு அக்கா வந்து சேர்ந்தார்.

“எங்கெல்லாம்டா தேடறது? இடுப்பு விட்டுப்போச்சு” என்று பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“மூடிடறேன்க்கா. வாக்குன்னா வாக்குதான்.”

“எனக்கும் சங்கடமாத்தான் இருக்குடா. உன் உழைப்பெல்லாம் இப்படி…” என்று தொடங்கிய அக்காவின் குரல் திடீரென்று தடம் மாறியது. “அந்தப் படத்தை வேணும்னேதான்டா மாத்தினேன். பத்திரிகை நின்னா என் ரூம் எனக்குக் கெடைக்குமேன்னு…”

அக்கா அரண்டுபோய் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்துத் தம்பியை நோக்கி நீட்டினார்.

“ஐயோ, இன்னும் வருதுடா… தம்பி, சீக்கிரம் கையைப் பிடிச்சு என்னைத் தூக்கி விடுடா!”